ஒரு சர்வர், மூன்று போர்டு

ஒரே மாடிப்படியில் மூன்று கம்பெனி போர்டுகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முதலாளி ஒருவர்தான், கணக்கு எழுதுபவரும் ஒருவர்தான். 1990களில் இப்படிப்பட்ட சின்ன ஆபீஸ்கள் இணையத்துக்கு வந்தபோது பெயருக்கு ஒரு டொமைன் வாங்கின. மெயில் சர்வர் மட்டும் ஒன்றே ஒன்று.

இதற்கான பாதை ஏற்கெனவே இருந்தது. 1982ல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதிப்படி, பெறுபவர் முகவரியை டொமைனோடு சேர்த்தே சொல்ல வேண்டும். 1986ல் வந்த எம்.எக்ஸ். பதிவால், பல டொமைன்களின் தபாலை ஒரே கணினிக்குத் திருப்பிவிட முடிந்தது. (வலைத்தளங்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. தளத்தின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற விதி 1997ல், எச்.டி.டி.பி. 1.1ல்தான் வந்தது.)

தபால் வாசல் வரை சரியாக வரும். குழப்பம் உள்ளேதான். எரிக் ஆல்மன் எழுதி 1983ல் பெர்க்லியின் பி.எஸ்.டி. யூனிக்ஸோடு வந்த சென்ட்மெயில், @ குறிக்கு முன்னால் இருப்பதை அந்தக் கணினியின் பயனர் பெயராகவே எடுத்துக்கொண்டது. ஆகவே துணிக்கடை 'சேல்ஸ்' முகவரிக்கும் லாரி கம்பெனி 'சேல்ஸ்' முகவரிக்கும் வந்த கடிதங்கள் ஒரே பெட்டியில் விழுந்தன. முழு முகவரியையும் பார்த்துப் பிரிக்கும் அட்டவணை பிறகு சென்ட்மெயிலில் சேர்ந்தது. டேனியல் பெர்ன்ஸ்டைனின் க்யூமெயில், வீட்சே வெனிமாவின் போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டும் 1990களின் கடைசியில் இந்த வேலையைச் சுலபமாக்கின.

இதைவிடப் பெரிய தொல்லை டயல்-அப். ஆபீஸ் எப்போதும் இணைப்பில் இருக்காது. டொமைன் முழுவதற்கும் வந்த தபாலை இணைய நிறுவனம் ஒரே பாப்3 பெட்டியில் போட்டு வைக்கும். ஆபீஸ் சர்வர் அதை இழுத்து ஆளுக்கு ஆள் பிரிக்கும். எதைப் பார்த்துப் பிரிப்பது? எஸ்.எம்.டி.பி.யில் உறை வேறு, கடிதம் வேறு. பெட்டியில் போடும்போது உறை பெரும்பாலும் போய்விடும். மிஞ்சுவது கடிதத்தின் தலைப்பில் உள்ள 'பெறுநர்' வரி. பி.சி.சி.யில் வந்த விலைப்புள்ளிக் கடிதத்தில் அந்தப் பெயரே இருக்காதே! ஒரு ஆர்டர் யாரும் திறக்காத பெட்டியில் தூங்க இது போதும். 1996ல் வந்த இ.டி.ஆர்.என். கட்டளை, இணைப்பு கிடைத்ததும் 'என் தபாலை உறையோடு அனுப்பு' என்று கேட்க வழி செய்தது. நியாயமான தீர்வு. ஆனால் மறுமுனையில் இருக்கும் சர்வரும் அதை ஏற்க வேண்டுமே.

2006ல் கூகுள், சொந்த டொமைனுக்கே மெயில் வசதி தரத் தொடங்கியது. சின்ன ஆபீஸ்களையே குறிவைத்து 1997ல் தொடங்கிய மைக்ரோசாஃப்டின் ஸ்மால் பிசினஸ் சர்வர் வரிசை 2011 பதிப்போடு நின்றது. இன்றும் சொந்த சர்வர் வைத்திருப்பவர்களுக்கு வேறு வேலை காத்திருக்கிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புநர் சோதனையை இறுக்கிவிட்டதால், எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். பதிவுகளைச் சரியாக வைக்க வேண்டும். அதுவும் மூன்று போர்டுக்கும் தனித்தனியாக.