ஒரே சிம்மாசனத்தில் இரு சகோதரிகள்

வாலிபப் பருவத்தை எட்டுகிற வாசகர்களுக்கென்று மேனாட்டில் இந்நாளில் எழுதப்படும் மாயக் கதைகளில், ஒரு வயிற்றிற் பிறந்த ராஜகுமாரிகள் ஒரு கிரீடத்துக்காக ஒருவரையொருவர் ஒழிக்கப் புறப்படும் கதைக்குத் தனியொரு மவுசு உண்டு. கெண்டாரே பிளேக் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2016-இல் வெளியிட்ட ‘த்ரீ டார்க் கிரௌன்ஸ்’ என்னும் நாவலில், ஒரே பிரசவத்தில் பிறந்த மூன்று பெண்கள், ஒருத்தி விஷத்தைப் பாயசம்போல் உண்பவள், ஒருத்தி பஞ்சபூதங்களை ஏவுபவள், ஒருத்தி செடிகொடிகளையும் விலங்குகளையும் வசப்படுத்துபவள் என்று எதிர்பார்க்கப்பட்டு, வெவ்வேறு இடங்களில் வளர்க்கப்பட்டு, பதினாறு வயது நிரம்பியதும் கொலைப் போட்டியில் இறக்கி விடப்படுகிறார்கள், மிஞ்சுகிறவள் ராணி. கதை விறுவிறுப்பானதுதான். ஆயினும் பதினோராம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிள் நகரத்து அரண்மனையில் வாழ்ந்த மூன்று சகோதரிகளின் சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு, நாவலாசிரியர்கள் இவ்விஷயத்தில் மிகவும் சிக்கனமாகவே கற்பனை செய்கிறார்கள் என்று தோன்றும். ஏனெனில் அங்கே போட்டியில் இறங்கிய சகோதரிகளுக்கு வயது பதினாறன்று, ஐம்பதுக்கும் மேல். அவர்களைச் சிம்மாசனத்தில் ஏற்றியதும் மந்திர வித்தையன்று, கோடரியும் கல்லும் ஏந்தித் தெருவில் இறங்கிய ஜனங்கள்.

இன்று இஸ்தான்புல் என வழங்கும் அந்நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட கிழக்கு ரோம சாம்ராஜ்யத்தில், மூத்த மகனுக்கே பட்டம் என்ற திட்டமான சட்டம் எக்காலத்திலும் இருந்ததில்லை. சேனையும், மந்திராலோசனை சபையும், நகரத்து மக்களும் சேர்ந்து எவனைச் சக்கரவர்த்தி என்று வாழ்த்திக் கோஷித்தார்களோ அவனே சக்கரவர்த்தி. இப்படிப்பட்ட நிலையற்ற ஏற்பாட்டில் வம்ச உரிமைக்கு ஓர் உறுதி தேட வேண்டி, அவ்வரசர்கள் ஒரு வழக்கத்தைப் பேணி வளர்த்தார்கள். பெரிய அரண்மனையின் ஒரு பகுதியில், கடலை நோக்கிய வண்ணம், ஊதாக் கல் பதித்த சதுரமான மண்டபம் ஒன்று இருந்தது. ஆளும் சக்கரவர்த்தியின் பட்டமகிஷி அங்கேதான் பிரசவிப்பாள். அங்குப் பிறந்த குழந்தை ‘ஊதா மண்டபத்தில் பிறந்த’ என்ற அடைமொழியை ஆயுள் முழுதும் தாங்கும். தந்தை அரசனாவதற்கு முன் பிறந்த அண்ணனைக் காட்டிலும் அரசனான பின் பிறந்த தம்பிக்கே மக்கள் மனத்தில் மதிப்பு அதிகம். இந்த மதிப்பு ஆண் குழந்தைக்கு மட்டுமின்றிப் பெண் குழந்தைக்கும் உண்டு என்பதை, ஒரு தலைமுறையில் பெண்களே மிஞ்சியபோது நகரம் உலகத்துக்குக் காட்டியது.

867-இல் முதலாம் பசில் நிறுவிய மாசிடோனிய வம்சத்தில் மிகப் பெரிய வீரனாகிய இரண்டாம் பசில், விவாகமே செய்து கொள்ளாமல் 1025-இல் இறந்தான். பல்கேரியாவை வென்று ராஜ்யத்தின் எல்லையை விரித்த அம்மன்னன், தன் தம்பி எட்டாம் கான்ஸ்டான்டினுக்குப் பிறந்த மூன்று பெண்களுக்கும் வேளையோடு மணம் முடித்து வைக்காமற்போனது, அவன் எந்தப் போரிலும் செய்யாத பெரிய பிழை என்றே நாம் கருதுகிறோம். மூத்தவள் யூடோகியா, இளமையில் அம்மை வார்த்து முகம் தழும்பேறியவள், தானே விரும்பிக் கன்னிமாடம் புகுந்துவிட்டாள். நடுவிலவள் ஜோயி, இளையவள் தியோடோரா. தந்தை மரணப் படுக்கையில் கிடந்த 1028 நவம்பரில்தான், யாரை மாப்பிள்ளையாக்கிப் பட்டம் கட்டுவது என்ற யோசனை அரண்மனைக்கு உதித்தது. அறுபது வயதை ஒட்டிய ரோமானோஸ் என்ற பிரபுவைத் தேர்ந்தெடுத்தார்கள். அவனுக்கு மனைவி இருந்தாள். அவள் தலைமயிரைக் கத்தரித்து மடத்துக்கு அனுப்பினார்கள். தியோடோரா அவனை மணக்க மறுத்தாள். ஐம்பது வயதான ஜோயி மறுக்கவில்லை. கல்யாணம் நடந்து சில நாட்களில் தந்தை கண்ணை மூட, மாப்பிள்ளை மூன்றாம் ரோமானோஸ் ஆனான்.

பங்காளிக் காய்ச்சலை நாம் ஆண்மக்களுக்கே உரியதாகப் பேசிப் பழகியிருக்கிறோம். ரோமானோஸின் அரண்மனையில் அக்காய்ச்சல் அக்காளைப் பிடித்தது. தன்னைப் போலவே ஊதா மண்டபத்தில் பிறந்து, தன்னைப் போலவே ஒருவனுக்கு மாலையிட்டு அவனை அரசனாக்கும் தகுதி படைத்த ஒரு தங்கை பக்கத்து அறையில் இருக்கும் வரையில், ஜோயியின் பட்டமகிஷி ஸ்தானம் பறிபோக ஒரு சதியாலோசனையே போதும். சதிகளும் இல்லாமலில்லை, ஒன்றுக்கு இரண்டாகத் தியோடோராவின் பெயர் அவற்றில் அடிபட்டது. பொற்கொம்பு என்னும் கடற்கழியின் கரையிலிருந்த பெட்ரியோன் மடத்தில் அவளைக் காவலில் வைத்தார்கள். அதுவும் போதவில்லை, ஜோயி ஒருநாள் தானே எதிர்பாராமல் அம்மடத்துக்குச் சென்று, தங்கையின் கூந்தலைக் களையச் செய்து, சந்நியாச உடை தரிப்பித்துத் திரும்பினாள். கொலை செய்யாமல் கொன்றுவிடும் முறை இது; துறவு பூண்ட ஒருத்தி மணக்க முடியாது, மணக்க முடியாதவளைக் கொண்டு எந்தச் சதிகாரனும் ஆதாயம் அடைய முடியாது.

அடுத்த பத்து ஆண்டுகளில் ஜோயி அடைந்த அலைச்சல்களை விரைந்தே சொல்லிவிடலாம். 1034-இல் ரோமானோஸ் குளியல் தொட்டியில் இறந்தான். இறந்ததில் மனைவிக்குப் பங்குண்டு என்பது ஊர்ப் பேச்சு. அன்று இரவுக்குள் அவள் மைக்கேல் என்ற அழகிய இளைஞனைக் கணவனாக்கிச் சிம்மாசனத்தில் அமர்த்தினாள். அவன் அவளை அந்தப்புரத்தில் அடைத்துக் காவல் வைத்தான். வலிப்பு நோயால் வாடிய அவன் 1041 டிசம்பரில் இறக்கும் முன், தன் தமக்கை மகனை ஜோயிக்குச் சுவீகார புத்திரனாக்கி வைத்திருந்தான். கப்பல்களின் பலகை இடுக்கை அடைக்கும் தொழிலாளியின் மகனாகிய அந்த ஐந்தாம் மைக்கேல், அவளையே தாயாகப் பாவிப்பேன் என்று சத்தியம் செய்து பட்டம் பெற்று, நான்கு மாதங்களில், 1042 ஏப்ரலில், அவள் தன்னை விஷமிட்டுக் கொல்லப் பார்த்ததாகக் குற்றம் சுமத்தி, பிரிங்கிபோ தீவுக்கு நாடு கடத்தி, அவள் கூந்தலையும் களையச் செய்தான். தங்கைக்குச் செய்தது அக்காளுக்கே வந்து சேர்ந்தது.

இதன் பின் நடந்ததை நேரிற் கண்டு எழுதியவன் மைக்கேல் செல்லோஸ். அப்போது அரண்மனையில் இளம் எழுத்தனாக இருந்தவன். பிற்காலத்தில் அந்நாட்டின் தலைசிறந்த சரித்திராசிரியன் என்று பெயரெடுத்தவன். அரசி நாடு கடத்தப்பட்டாள் என்ற அறிக்கை பொதுச் சதுக்கத்தில் படிக்கப்பட்டதும் ஊர் கொதித்தது. அதுவரை அந்நியர் கண்ணில் படாத குலஸ்திரீகள் முக்காட்டை மறந்து தெருவில் ஓடி, மாரில் அடித்துக் கொண்டு புலம்பியதையும், சிறுபெண்களும் கூட்டத்தில் சேர்ந்து அரசனின் உறவினர் மாளிகைகளை இடித்ததையும் அவன் வியப்போடு வர்ணிக்கிறான். ஆனால் ஜோயி தீவில் இருக்கிறாள். கிளர்ச்சிக்காரர் கைக்கு எட்டாதவள். எனவே பத்து வருஷத்துக்கு மேலாக ஊரே மறந்திருந்த தங்கையைத் தேடிப் பெட்ரியோன் மடத்துக்குக் கூட்டம் பாய்ந்தது. தியோடோரா வரச் சம்மதிக்கவில்லை. கோயிலின் கருவறைக்குள் ஒளிந்து கொண்டாள். கூட்டத்தார், சிலர் கையில் உருவிய கத்தியோடு, அவளை வெளியே இழுத்து வந்து, துறவாடை மேல் ராஜ வஸ்திரம் சார்த்தி, குதிரையில் ஏற்றி, செயின்ட் சோபியா பேராலயத்துக்குக் கொண்டு போய்ச் சக்கரவர்த்தினி என்று வாழ்த்தினார்கள். சிம்மாசனத்தின் மீது ஆசை வைத்தவர்களையே கதைகளில் பார்த்துப் பழகிய நமக்கு, கத்தி முனையில் மகுடம் சூட்டப்பட்ட இந்த அறுபது வயதுக் கன்னியாஸ்திரீயின் காட்சி விசித்திரமானது.

ஐந்தாம் மைக்கேல் பயந்து ஜோயியை அவசரமாகத் திருப்பி அழைத்து, குதிரைப் பந்தய அரங்கின் அரச மாடத்தில் நிறுத்திக் காட்டினான். ஜனங்கள் அடங்கவில்லை. மூவாயிரம் பேர் மாண்டதாகச் சொல்லப்படும் சண்டைக்குப் பின் அவன் ஸ்டூடியோஸ் மடத்தில் சரண் புகுந்தான். அவன் கண்களைப் பறிக்கும் உத்தரவு தியோடோராவின் கட்சியாரிடமிருந்து வந்தது. அவர்கள் அவசரப்பட்டதற்குச் செல்லோஸ் கூறும் காரணம் கவனிக்கத்தக்கது: தங்கையுடன் பங்கு போட்டுக் கொள்வதைவிட ஒரு குதிரைக்காரப் பையனை அரியணையில் வைக்கவும் ஜோயி இணங்குவாள் என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்களாம்.

ஆக, அரண்மனையில் ஒருத்தி, பேராலயத்தில் ஒருத்தி; இருவருக்கும் கட்சி உண்டு. உள்நாட்டுப் போர் மூளுவதற்கு வேண்டியவை எல்லாம் இருந்தன. ஜோயியே தங்கையை அழைத்து அணைத்துக் கொண்டாள் என்கிறார்கள். சபையும் மக்களும் வேறு வழி விடவில்லை என்பதே உண்மைக்கு நெருங்கியது. 1042 ஏப்ரல் 21 முதல் ஏழு வாரம் சகோதரிகள் இருவரும் சேர்ந்து அரசாண்டார்கள். இருவரும் அருகருகே அமர்வார்கள். தியோடோராவின் ஆசனம் மட்டும் சற்றே பின்தள்ளிப் போடப்பட்டிருக்கும். சுற்றிலும் கோடரி தாங்கிய மெய்க்காவலர். எதிரே தலை குனிந்த மந்திரிகள். வழக்குகள் கேட்கப்பட்டன, தூதர்கள் வந்து போனார்கள், பதவிகளை விலைக்கு விற்பதை நிறுத்தி ஆணை பிறந்தது. அவ்வாண்டு அடித்த பொன் நாணயத்தில் இருவர் உருவமும் ஒரே கொடிக்கம்பை நடுவில் பிடித்தபடி பொறிக்கப்பட்டது.

செல்லோஸ் வரைந்துள்ள சகோதரிகளின் சித்திரம் சாகாதது. ஜோயி பருத்த மேனியள், பொன்னிறக் கூந்தலும் சுருக்கமற்ற வெண்சருமமும் உடையவள். கடல் கொள்ளும் பொன்னையும் ஒரே நாளில் வாரி இறைப்பாள். பட்டாடையில் ஆசையில்லை, வாசனைத் திரவியத்தில் தீராத மோகம். அவளுடைய பள்ளியறையில் வேனிற்காலத்திலும் கணப்புச் சட்டிகள் எரியும். ஒரு தாதி வாசனைப் பொருள்களை அளக்க, ஒருத்தி காய்ச்ச, ஒருத்தி குப்பியில் ஊற்ற, அரசியின் அறை கடைத்தெருப் பட்டறையாக இருக்குமாம். தியோடோரா நெடியவள், மெலிந்தவள், சிறுத்த தலையினள், சாந்தமானவள். பேழைகளில் நாணயத்தைச் சேர்த்து எண்ணி மகிழ்பவள். இருவருக்குமே ராஜ்ய பாரத்துக்கு வேண்டிய புத்தி இல்லை, அந்தப்புரத்து அற்பங்களையும் அரசாங்கக் காரியங்களையும் ஒன்றாகக் குழப்பினார்கள் என்பது அவன் தீர்ப்பு. ஆனால் பின்னர் வந்த ஆண் அரசன் பொக்கிஷத்தைக் கரைத்ததையும் இதே செல்லோஸ்தான் எழுதுகிறான். ஏழு வாரத்தில் ஒரு ராஜ்யத்தைக் கெடுக்க முடியுமானால், அதற்கு முன்னரே அது கெட்டிருக்க வேண்டும்.

அந்த ஆட்சி முடிந்தது சண்டையாலன்று, கல்யாணத்தால். ஆண் துணையின்றி அரசு நடவாது என்ற கூக்குரல் எழவே, யாராவது ஒருத்தி மாலையிட வேண்டியதாயிற்று. தியோடோரா வழக்கம்போல் மறுத்தாள். அறுபத்து நான்கு வயது ஜோயி வழக்கம்போல் இசைந்தாள். மாப்பிள்ளை தேடிய படலமே ஒரு பிரகசனம். முதலில் அழைக்கப்பட்ட பிரபு முரட்டுப் பேச்சினால் தள்ளுபடியானான். அடுத்தவன் திடீரென்று மாண்டான், அவனை அரசிக்கு விட்டுக் கொடுக்க மனமில்லாத சொந்த மனைவியே விஷமிட்டாள் என்று வதந்தி. மூன்றாமவன் கான்ஸ்டான்டின் மோனோமகோஸ், மிட்டிலீன் தீவிலிருந்து வந்து ஜூன் 11-இல் மணந்தான். மூன்றாம் விவாகத்தைத் திருச்சபை வெறுத்ததால் அதன் தலைவராகிய பேட்ரியார்க் தாமே மணச்சடங்கு நடத்தாமல் வேறொரு குருவை விட்டுச் செய்வித்து, மறுநாள் பட்டாபிஷேகத்துக்கு மட்டும் வந்தார். புது அரசன் தன் காதலி ஸ்கிளெரைனாவையும் அரண்மனைக்கே அழைத்துக் கொண்டான். சகோதரிகள் ஊர்வலத்தில் முன்னே செல்ல, அவள் பின்னே சென்றாள். 1044-இல் ஒரு திருநாளன்று, எங்கள் தாய்மாராகிய ஜோயிக்கும் தியோடோராவுக்கும் இவளால் ஆபத்து என்று ஜனங்கள் திரண்டு கலகம் செய்தபோது, இருவரும் மாடத்தில் தோன்றிக் கூட்டத்தை அமர்த்தினார்கள். ஒருத்தி பெயரை விட்டு மற்றவள் பெயரைச் சொல்ல ஊருக்கு அப்போதும் மனம் வரவில்லை.

ஜோயி 1050-இல் இறந்தாள். 1055 ஜனவரியில் கான்ஸ்டான்டின் மரணத் தறுவாயில் வேறொருவனுக்குப் பட்டம் கட்ட முயன்றபோது, எழுபது வயதைக் கடந்த தியோடோரா கப்பலேறி அரண்மனைக்கு வந்து, காவற்படையைத் தன் பக்கம் சேர்த்து, தனியே ஆட்சியைக் கைப்பற்றினாள். ஒளிந்து கொண்டவளை இழுத்து வந்த காலம் போய்விட்டது. எவனையாவது மணப்பாள் அல்லது எவனையாவது அமர்த்துவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் இரண்டையும் செய்யவில்லை. பதவி நியமனங்களைத் தானே செய்தாள். வழக்குகளைத் தானே தீர்த்தாள். பெண் ஆள்வதா என்று முகம் சுளித்த பேட்ரியார்க் கெருலாரியோஸைப் பொருட்படுத்தவில்லை. அக்காள் மூன்று முறை சிம்மாசனத்தைத் தாலியோடு சேர்த்துக் கொடுத்தவள். எவனுக்கும் கொடுக்காத தங்கையிடம் அது பத்தொன்பது மாதம் முழுதாக இருந்தது. 1056 ஆகஸ்டு இறுதியில் அவள் நோயுற்றபோது, சுற்றியிருந்த மந்திரிகள் தங்கள் சொற்படி நடக்கக் கூடிய மைக்கேல் என்ற கிழவனை வாரிசாக ஒப்புக்கொள்ளச் செய்தார்கள். அவளோடு 189 ஆண்டு ஆண்ட மாசிடோனிய வம்சம் முடிந்தது. மறு வருஷமே அந்தக் கிழவனைச் சேனாதிபதிகள் இறக்கிவிட்டார்கள், அவனுக்காக ஒருவரும் தெருவுக்கு வரவில்லை.