லிங்க்டுஇன்ல 'இன்கமிங் அனலிஸ்ட்'னு போடலாமா? சேரப்போற வேலையை எப்போ அறிவிக்கணும்?

லிங்க்டுஇன் பக்கத்தை ஸ்க்ரோல் பண்ணினால் 'இன்கமிங் அனலிஸ்ட்' என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். பக்கத்திலேயே ஜேபி மோர்கன், கோல்ட்மேன் சாக்ஸ் என பெரிய வங்கிகளின் பெயர் இருக்கும். ஆனால் அந்த நபர் அங்கே இன்னும் வேலைக்கே சேர்ந்திருக்க மாட்டார். இப்படி முன்கூட்டியே அறிவிப்பது சரியா? விரிவாகப் பார்க்கலாம்.

'இன்கமிங்' என்றால் என்ன?

ஆஃபர் வந்தாச்சு, ஏத்துக்கிட்டாச்சு, ஆனா இன்னும் சேரலை. அவ்வளவுதான் அர்த்தம்.

நிதித்துறையில் இந்த இடைவெளி ரொம்ப நீளம். அமெரிக்காவில் மூன்றாம் ஆண்டு முடித்த மாணவர்கள், கோடை விடுமுறையில் சுமார் 10 வாரம் வங்கிகளில் இன்டர்ன்ஷிப் செய்கிறார்கள். அதில் தேறுபவர்களுக்கு ஆஃபர் வரும். வேலையில் சேர்வதோ அடுத்த ஆண்டு கோடையில். நம்ம ஊர் ஐஐடிகளிலும் டிசம்பர் 1-ம் தேதி கேம்பஸ் தேர்வு தொடங்குகிறது. படிப்பு முடித்து வேலையில் சேர இன்னும் பல மாதங்கள் ஆகும்.

அறிவிப்பதில் என்ன லாபம்?

உடன் சேரப்போகும் பேட்ச்மேட்கள் அறிமுகமாவார்கள். சீனியர்கள் வழிகாட்டுவார்கள். ஜூனியர்களும் சந்தேகம் கேட்டு வருவார்கள்.

அப்போ சிக்கல் எங்கே?

முதல் சிக்கல், அந்த வரியை யார் தேடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. பிரைவேட் ஈக்விட்டி நிறுவனங்கள், வங்கியில் இன்னும் சேராத இளைஞர்களையே இரண்டு வருஷம் கழித்து தொடங்கும் வேலைக்கு முன்கூட்டியே பிடிக்கப் பார்த்திருக்கின்றன. அவர்களுக்காக ஆள் தேடும் ஏஜென்சிகளுக்கு லிங்க்டுஇன்ல 'இன்கமிங்'னு தேடினாலே ஒரு பட்டியல் கிடைத்துவிடும்.

இதை வங்கிகள் ரசிக்கவில்லை. சேருவதற்கு முன்போ, சேர்ந்த 18 மாதங்களுக்குள்ளோ வேறு வேலையை ஏற்றுக்கொண்டால் வேலை பறிபோகும் என 2025 ஜூனில் ஜேபி மோர்கன், சேரப்போகும் அனலிஸ்ட்களை எச்சரித்தது. ஆக, ஏஜென்சியிடம் இருந்து மெசேஜ் வந்தால், பதில் போடும் முன் ஆஃபர் லெட்டரில் இருக்கும் நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இரண்டாவது, ஆஃபர் ரத்தாகலாம். பட்டம் முடிக்க வேண்டும், பின்னணிச் சரிபார்ப்பில் தேற வேண்டும் என்பதெல்லாம் வழக்கமான நிபந்தனைகள். வங்கி வேலை என்றால் கடன் வரலாறும் சேர்ந்துகொள்ளும். எஸ்பிஐ அதிகாரி பணிக்குத் தேர்வான ஒருவரின் நியமனம், சிபில் அறிக்கை பாதகமாக இருந்ததால் ரத்து செய்யப்பட்டது. அது செல்லும் என 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியமன ஆணை கைக்கு வந்த பிறகு நடந்தது இது! ஊருக்கே சொன்ன பிறகு இப்படி ஆனால் சங்கடம் இரட்டிப்பு.

மூன்றாவது, ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு. ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே போஸ்ட் போட்டால், மேனேஜருக்கு விஷயம் லிங்க்டுஇன் வழியாகத்தான் தெரியவரும். நோட்டீஸ் காலம், ரிலீவிங் லெட்டர் எல்லாம் அவர் கையில் இருக்கும்போது இது தேவையா?

நான்காவது, மோசடி. புதிதாகச் சேருபவர்களைக் குறிவைத்து 'ஹெச்ஆர் பேசுறேன், லேப்டாப்புக்கு டெபாசிட் கட்டுங்க' என்று மெசேஜ் வரலாம். சேருவதற்கு யாராவது பணம் கேட்டாலே உஷாராகிவிடுங்கள்.

எப்போது போடலாம்?

* ஆஃபர் எழுத்துப்பூர்வமாக வந்து, நீங்களும் கையெழுத்திட்ட பிறகு.
* பின்னணிச் சரிபார்ப்பு முடிந்த பிறகு. கடன், கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் சிபில் அறிக்கையை முதலில் பாருங்கள்.
* இப்போதைய அலுவலகத்தில் ராஜினாமா ஏற்கப்பட்ட பிறகு.
* சமூக ஊடகம் பற்றி நிறுவனம் விதி வைத்திருக்கிறதா என ஹெச்ஆரிடம் கேட்ட பிறகு.

என்ன எழுதலாம்?

பதவி, நிறுவனம், சேரும் மாதம் போதும். சம்பளம், ஆஃபர் லெட்டர் படம், ஊழியர் எண் எதுவும் வேண்டாம். 'இன்கமிங்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் இப்போதே அங்கே வேலை பார்ப்பதாகப் பொருளாகிவிடும், அது பொய்த் தகவல். புதிய வேலையைச் சேர்க்கும்போது, நெட்வொர்க்கில் உள்ளவர்களுக்குத் தெரிவிக்கும் வசதியை ஆஃப் செய்துவிட்டால், சத்தமில்லாமல் புரொஃபைலை மட்டும் மாற்றலாம்.

இவ்வளவு யோசிக்கணுமா என்று தோன்றினால், சேர்ந்த முதல் நாளில் போடுங்கள். வாழ்த்து அன்றைக்கும் வரும்.