வட்டக்களரியும் படச்சட்ட மேடையும்: ஈழத்துத் தமிழ் அரங்கில் பார்வையோரின் இடம்

மட்டக்களப்பு ஊர்களில் கூத்து ஒரே இரவில் நடந்து முடிவதில்லை. சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்ற படிகளாக, கூத்தைப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரின் பயிற்சி மாதக்கணக்கில் நீளும். அரங்கேற்றத்தன்று வட்டமான ஆடுகளமான வட்டக்களரியைச் சுற்றி ஊரே அமர்ந்திருக்கும். ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் இடையே சில அடித் தூரம்தான். அந்தத் தூரம் கூடியும் குறைந்தும் வந்த கதையாகவே, கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலான ஈழத்துத் தமிழ் அரங்கின் வரலாற்றை வாசிக்கலாம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எதிரிவீர சரச்சந்திர 1956-இல் 'மனமே' என்ற சிங்கள நாடகத்தை மேடையேற்றினார். தமிழ்க் கூத்தோடு உறவுடைய 'நாடகம' மரபே அதன் அடித்தளம். அதன் வெற்றி தமிழ் அறிஞர்களையும் தம் மரபை நோக்கித் திருப்பியது. அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு புதுக்கினார். 'கர்ணன் போர்' 1962-இல் அரங்கேறியது. அடுத்த சில ஆண்டுகளில் சி. மௌனகுரு இராவணனாக ஆடிய 'இராவணேசன்' வந்தது. விடியவிடிய ஆடியது ஓரிரு மணி நேரத்துக்குள் அடங்கியது. நாட்டுப்புறத்தாரின் ஆட்டம் என்று ஒதுக்கிய நகரத்துப் படிப்பாளிகள் இருக்கையில் அமர்ந்து ரசித்தார்கள். ஆனால் முன்புறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கூத்து வந்ததும், களரியின் நான்கு புறமும் இருந்த பார்வையோர் ஒரே புறத்துக்கு நகர்ந்துவிட்டனர்.

கூத்து வடிவத்தின் வலு இந்த மாற்றத்தால் குன்றவில்லை. புராணக் கதைகளுக்கே உரியது எனக் கருதப்பட்ட வடமோடி என்னும் கூத்து வகையில், உழைப்பாளர் போராட்டத்தைப் பாடிய மௌனகுருவின் 'சங்காரம்' 1969-இல் மேடையேறியது.

உள்நாட்டுப் போர் ஆடுபவருக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான தூரத்தை மீண்டும் குறைத்தது. போருக்கு முன்பே, 1978-இல் குழந்தை ம. சண்முகலிங்கம் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985-இல் தொடங்கி ஊர் ஊராகச் சென்றது. அன்றைய அவலங்களை, அவற்றை அனுபவித்துக்கொண்டிருந்தவர்களின் முன்னாலேயே நிகழ்த்தியது. 1990-களில் யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தது. திரையரங்கும் தொலைக்காட்சியும் முடங்கிய காலத்தில், மனித உடலையும் குரலையும் மட்டுமே நம்பிய கலை எஞ்சியது. போர் தந்த உளக்காயங்களைச் சண்முகலிங்கத்தின் 'அன்னை இட்ட தீ' பேசியது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட, தனித்துவிடப்பட்ட முதியோரை அவருடைய 'எந்தையும் தாயும்' பேசியது. சிதம்பரநாதனின் பட்டறைகளிலோ பார்க்க வந்தவர்களே ஆடினார்கள், தம் துயரைச் சொன்னார்கள். அரங்கு உளஆற்றுப்படுத்தலின் கருவியாயிற்று.

2000-களில் மட்டக்களப்பின் சீலாமுனையில் சி. ஜெயசங்கரும் அவருடைய நண்பர்களும் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் மறுபடியும் களரிக்கே வந்து சேர்ந்தது. அங்கே அண்ணாவியாரும் ஊராரும் ஆய்வாளர்களும் கூடியிருந்து, பழைய கூத்துகளில் பெண்ணும் சாதியும் சித்திரிக்கப்படும் விதத்தை விவாதித்து, பாடலையும் கதையையும் மாற்றினார்கள். மௌனகுருவோ 'இராவணேச'னை மேலும் செம்மைப்படுத்திப் பெருமேடைகளுக்குக் கொண்டுசென்றார்.

இவ்விரு வழிகளையும் பற்றிய விவாதம் ஈழத்து அரங்க ஆய்வில் இன்றும் சூடானது. கூத்து வாழ வேண்டும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. பார்வையோர் எதிரே அமர்ந்து செம்மையான கலையை ரசிப்பதா, சூழ அமர்ந்து கதையையே திருத்துவதா என்பதில்தான் இரு தரப்பும் பிரிகின்றன.