ஃபவுலருக்குப் போன கட்டுரை

சென்னையில் 1928-ல் நடந்த ஒரு சந்திப்பை நம் வயதுக்காரர்களில் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். அதில் மாணவர்களுக்கு ஒரு நல்ல பாடம் இருப்பதால் மறுபடியும் எழுதுகிறேன்.

ஜெர்மனியின் பேராசிரியர் ஆர்னால்டு சோமர்ஃபெல்டு அந்த ஆண்டு சென்னைக்கு வந்தார். அணு அமைப்பு பற்றிய அவருடைய புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் அவரை நேரில் போய்ப் பார்த்தார். அவர்தான் சுப்ரமணியன் சந்திரசேகர். அந்தப் புத்தகம் வந்த பிறகு இயற்பியலே மாறிவிட்டது என்று சோமர்ஃபெல்டு சொல்லிவிட்டார். கூடவே, உலோகங்களில் எலக்ட்ரான்களைப் பற்றிய தம் புதுக் கட்டுரையின் புரூஃபையும் கொடுத்தார். ஃபெர்மி, டிராக் இருவரின் புதிய புள்ளியியல் அதில் இருந்தது.

படித்ததெல்லாம் பழசாகிவிட்டதே என்று சந்திரசேகர் சோர்ந்துவிடவில்லை. சில மாதங்களில் அந்தப் புள்ளியியலைக் காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்தி ஒரு கட்டுரை எழுதினார். 1929 ஜனவரியில் அதைக் கேம்பிரிட்ஜிலிருந்த ரால்ஃப் ஃபவுலருக்கு அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 18.

ஏன் ஃபவுலர்? அதே புள்ளியியலை 1926-ல் வெண்குள்ள விண்மீன்களுக்குப் பயன்படுத்திக் காட்டியவர் அவர். அதாவது, கட்டுரையில் ஓட்டை இருந்தால் கண்டுபிடிக்கக்கூடியவர். ஃபவுலரும் நெவில் மாட்டும் சில திருத்தங்கள் சொன்னார்கள். சந்திரசேகர் ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வெளிவந்தது.

என்னிடம் ஆய்வுக் கட்டுரை வரைவைக் கொண்டுவரும் பிள்ளைகள், "சார், இங்கிலீஷை மட்டும் சரி பார்த்துக் கொடுங்க" என்பார்கள். நான் கேட்பது வேறு. இதில் நீ புதிதாகச் சொல்வது எந்த வரி? அதற்கு ஆதாரம் எங்கே? இந்த விஷயத்தில் கடைசியாக வந்ததைப் படித்தாயா? இதை மறுக்கக்கூடியவர் யார், அவருக்கு உன் பதில் என்ன? இதற்கெல்லாம் பதில் எழுதி முடித்தாலே கட்டுரை பாதி தேறிவிடும். இங்கிலீஷைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

1930-ல் பம்பாயில் கப்பலேறிய சந்திரசேகர், வழியில் ஃபவுலரின் வெண்குள்ளக் கணக்கையே எடுத்துப் பார்த்தார். அடர்த்தி மிகுந்தால் எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குமே, அதற்கு ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்க்க வேண்டாமா என்று யோசித்தார். சேர்த்ததும், வெண்குள்ளத்தின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு இருப்பது தெரிந்தது. இன்றைய கணக்கில் அது சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு. தம் கட்டுரையைத் திருத்தியவரின் கணக்கையே மாணவர் திருத்திவிட்டார்! அந்தக் கட்டுரை 1931-ல் அமெரிக்காவின் வானியற்பியல் இதழில் வந்தது.

அதே இதழுக்கு 1952 முதல் 1971 வரை அவரே ஆசிரியராக இருந்தார். அத்தனை ஆண்டும் பிறருடைய கட்டுரைகளைப் படித்துச் சீர்தூக்குவதும் அவர் வேலையாக இருந்தது. நோபல் பரிசு 1983-ல் வந்தது.

உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது சிவப்பு மை நிறைந்த வரைவோடு முகம் வாடி வந்தால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.