பத்துப் பேரை அறிந்தவர்

எம்மிடம் படித்த மாணவர் ஒருவர் இராணுவத்தில் கோப்ரலாக இருந்து அண்மையில் சார்ஜன்டாகப் பதவி உயர்ந்திருக்கிறார். லீவில் வந்தவர் வீட்டுக்கு வந்து ஸலாம் சொல்லி உட்கார்ந்தார். மூன்றாவது பட்டி கிடைத்த சந்தோஷத்தை முகத்தில் காணவில்லை. "சேர், நேத்து வரைக்கும் ஒண்டா இருந்து சாப்பிட்டவங்களுக்கு இன்டைக்கு ஓடர் போடணும். மேல உள்ளவங்களுக்கும் பதில் சொல்லணும். நடுவுல நிக்கிறன்" என்றார்.

அன்று அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறோம். இந்த நடுவில் நிற்கும் மனிதருக்கு எமது வரலாற்றில் ஒரு பெயர் உண்டு: அரீஃப். "அறிந்தவர்" என்பது பொருள். நம் பிள்ளைகளுக்கு நாம் வைக்கும் ஆரிஃப் என்ற பெயரும் அதே வேரில் பிறந்ததுதான். இன்றும் அரபு நாட்டு இராணுவங்களில் கோப்ரல், சார்ஜன்ட் தரத்தில் உள்ளவர்களுக்கு இந்தச் சொல் வழங்குகிறது. சார்ஜன்ட் என்ற சொல்லோ "பணி செய்பவர்" என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதிகாரம் என்ற கருத்து இரண்டு சொல்லிலுமே இல்லை. நமக்கு அது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

அரீஃபின் வேலை என்ன என்பதைக் காட்டும் மிக நல்ல சம்பவம் ஹிஜ்ரி 8இல், அதாவது கி.பி. 630இல் நடந்தது. ஹுனைன் யுத்தத்தில் ஹவாஸின் கோத்திரத்தின் பெண்களும் பிள்ளைகளும் கைதிகளாகப் பிடிபட்டிருந்தார்கள். சுமார் 6,000 பேர் என்று சீறா நூல்கள் கூறுகின்றன. அந்தக் கோத்திரத்தார் மனம் மாறி வந்து தம்மவர்களைத் திருப்பிக் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் படையினரிடம் விடயத்தை எடுத்துச் சொன்னார்கள். விரும்பியவர் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம்; தன் பங்கு வேண்டுமென்பவருக்கு அடுத்து வரும் வருமானத்திலிருந்து ஈடு தரப்படும் என்றார்கள். கூட்டம் முழுவதும் "மனமுவந்து கொடுத்துவிட்டோம்" என்று குரல் கொடுத்தது.

நாமாக இருந்தால் அத்தோடு கூட்டத்தைக் கலைத்திருப்போம். பள்ளிவாசல் கூட்டத்திலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலும் "எல்லாரும் சம்மதம்தானே" என்று கேட்டு முடிப்பவர்கள்தானே நாம்! நபியவர்கள் அந்தச் சத்தத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. உங்களில் யார் சம்மதித்தார், யார் சம்மதிக்கவில்லை என்று எமக்குத் தெரியாது. திரும்பிப் போங்கள், உங்கள் அரீஃப்கள் உங்கள் முடிவை எம்மிடம் கொண்டு வரட்டும் என்ற கருத்தில் கூறினார்கள். அரீஃப்கள் தங்கள் ஆட்களோடு பேசினார்கள். பிறகு வந்து, அவர்கள் மனமொப்பிச் சம்மதித்துவிட்டார்கள் என்று அறிவித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியிருக்கிறது.

கூட்டத்தில் வாய் திறக்காத ஒருவன் தன் அரீஃபிடம் தனியாகப் பேசுவான். அவனுடைய மனதைக் கூட்டாமல் குறைக்காமல் மேலே கொண்டு போக வேண்டும். அந்த அரீஃப்கள் அன்று கட்டளை எதையும் கீழே கொண்டு வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சில வருடங்களின் பின், காதிஸிய்யாப் போருக்குப் புறப்பட்ட ஸஃத் பின் அபீவக்காஸ் (ரழி) அவர்கள் பத்துப் பேருக்கு ஓர் அரீஃப் என்று நியமித்தார்கள். நபியவர்களின் காலத்து முறைப்படியே அது அமைந்தது என்று தபரீ எழுதுகிறார். பத்துப் பேர் என்றால் ஒவ்வொருவரின் பெயரும் குடும்பமும் தெரியும். பின்னர் கூஃபா நகரில் அரீஃபின் பொறுப்பு பெரிதாகிவிட்டது. ஓர் அரீஃபின் பிரிவுக்கு 100,000 திர்ஹம் என்ற கணக்கில் கொடுப்பனவு பிரிக்கப்பட்டது. அவர் மூலமே வீரர்களுக்கும் அவர்களுடைய பெண்கள் பிள்ளைகளுக்கும் பணம் வீடு போய்ச் சேர்ந்தது. யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் மௌத்தானார் என்பது தெரியாமல் அந்த வேலையைச் செய்ய முடியாது.

ஆனால் அந்த அறிவே ஆபத்தாகவும் மாறியது. ஹிஜ்ரி 60இல் உபைதுல்லாஹ் பின் ஸியாத் கூஃபாவின் ஆளுநராக வந்து இறங்கினான். ஹுஸைன் (ரழி) அவர்களின் ஆதரவாளர்கள் நகரில் இருந்த நேரம் அது. அவன் அரீஃப்களை அழைத்து, உங்கள் பிரிவில் உள்ள அந்நியர்கள், சந்தேகத்துக்குரியவர்கள் அனைவரின் பெயரையும் எழுதித் தாருங்கள் என்றான். மறைத்தது தெரிய வந்தால் அந்த அரீஃப் தன் வீட்டு வாசலிலேயே சிலுவையில் அறையப்படுவார். அவருடைய பிரிவின் கொடுப்பனவும் நிறுத்தப்படும். பதவி அதே பதவி. அன்று ஹவாஸின் கைதிகளின் விடயத்தில் வீரர்களின் மனதைக் கேட்டு வந்தவர், இப்போது அவர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டியவரானார். பயம் மேலிருந்து வந்தது. அரீஃப் அதைத் தன் ஆட்களுக்குள் இறக்கி வைத்தார். அதற்குப் பிறகு யார் அவரிடம் மனம் திறந்து பேசியிருப்பார்கள்?

மாணவர் இதையெல்லாம் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தனது பிரிவில் அதிகம் பேசாத பையன் ஒருவன் இருக்கிறான், லீவு கேட்டு இரண்டு தரம் வந்து ஒன்றும் சொல்லாமலே திரும்பிப் போய்விட்டான் என்றார். "ஏன் எண்டு நான் கேக்கல்ல சேர்."

தேநீரைக் குடித்து முடித்ததும் முற்றத்துக்கு இறங்கி யாருக்கோ கோல் எடுத்தார். சிங்களத்தில் மெதுவாக, நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தார்.