வீட்டு ஜெனரேட்டர்: நூறு வருடத்துக்கு முன்பே கிடைத்த பதில்

2012 கடைசி. சென்னையில் தினம் இரண்டு மணி நேரம் கரண்ட் போகிறது என்று நாங்கள் புலம்பிக்கொண்டிருந்தபோது, உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து வெட்டு இருந்த நாளே கிடையாது. அப்பாவுக்கு நுரையீரல் கோளாறு. ஒரு நாளில் பதினைந்து மணி நேரமாவது ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெறும் இன்வெர்ட்டர் சரிப்படாது, சார்ஜ் ஏறவே கரண்ட் இருக்காதே என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அதனால் டீசல் ஜெனரேட்டர் வாங்கக் கிளம்பினேன்.

கடைக்காரர் பேப்பரை எடுத்து மோட்டார், ஃபிரிட்ஜ், கிரைண்டர், ஃபேன் எல்லாவற்றையும் கூட்டினார். "5 கேவிஏ எடுத்துக்கங்க சார், நாளைக்கு ஏசி போட்டாலும் தாங்கும்." பி.இ. படித்த நானும் தலையாட்டிவிட்டு வாங்கிவந்தேன்.

மூன்றாவது மாதமே புகை கறுத்தது. சைலன்சர் இணைப்பிலிருந்து தார் மாதிரி எண்ணெய் ஒழுகியது. ஒரு நாள் நடுராத்திரி இரண்டு மணிக்கு நின்றே போனது. அவசரத்துக்கென்று வைத்திருந்த சின்ன சிலிண்டருக்குக் குழாயை மாற்றிவிட்டு, அதன் முள் இறங்குவதையே பார்த்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தார். நான் சென்னையில் போனைக் காதில் வைத்தபடி. நாலு மணிக்குக் கரண்ட் வந்தது.

மறுநாள் எஞ்சினைப் பிரித்த வயதான மெக்கானிக், கரி அடைத்துக் கிடந்த நாசிலைக் காட்டி ஒன்று சொன்னார்: "எஞ்சினுக்கு வேலை குடுக்கோணும் தம்பி. சும்மா ஓடுனா சீக்குப் புடிச்சுக்கும்."

அதற்குப் பிறகுதான் இந்தச் சின்ன எஞ்சின்களின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மெக்கானிக் சொன்ன அதே விஷயத்தோடு மல்லுக்கட்டிய ஆட்கள் அந்தக் கதை நெடுக வருகிறார்கள்.

பெரிய எஞ்சின் சின்னதான கதை

ருடால்ஃப் டீசல் தன் எஞ்சினை ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டியது 1897-ல். 20 குதிரைத்திறன். எரிபொருளில் உள்ள ஆற்றலில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது. அன்றைய நீராவி எஞ்சின்களுக்கு அது எட்டாத கனவு. ஆனால் அதை வீட்டில் வைக்க முடியாது. எண்ணெயை உள்ளே பீச்சுவதற்கே தனியாக ஒரு காற்று கம்ப்ரஸர் வேண்டும். ஆள் உயரத்தைத் தாண்டிய இரும்பு மலை அது.

அந்தக் காலத்தில் பண்ணைகளில் ஓடியது 'ஹாட் பல்ப்' வகை எண்ணெய் எஞ்சின். ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட்டின் வடிவமைப்பை 1890-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஹார்ன்ஸ்பி கம்பெனி தயாரித்து விற்றது. எளிமையான எஞ்சின், கிடைத்த எண்ணெயில் ஓடும். ஆனால் கிளப்புவதற்கு முன் அதன் தலையைப் புளோ லாம்ப் வைத்துப் பல நிமிடம் சூடாக்க வேண்டும். விளக்குப் போட வேண்டுமென்றால் முதலில் நெருப்பு மூட்ட வேண்டும்!

இதைத் தீர்த்த எஞ்சின்களில் நமக்கு முக்கியமானது லிஸ்டர் சி.எஸ். இங்கிலாந்தில் குளஸ்டர்ஷயரின் டர்ஸ்லி என்ற சின்ன ஊரில், 1867-ல் ராபர்ட் ஆஷ்டன் லிஸ்டர் தொடங்கிய விவசாயக் கருவிக் கம்பெனி, 1930-ஐ ஒட்டி இதைக் கொண்டுவந்தது. சி.எஸ். என்றால் 'கோல்டு ஸ்டார்ட்', அதாவது குளிர்ந்த நிலையிலேயே கிளம்பும். ஒரே சிலிண்டர். முதலில் 600 ஆர்பிஎம்-ல் 5 குதிரைத்திறன், பிறகு 650-ல் 6 குதிரைத்திறன். இரண்டு பக்கமும் பெரிய இரும்புச் சக்கரம். எடை முன்னூறு கிலோவுக்கு மேல்.

கிளப்புவது இப்படி. எரியும் அறையோடு ஒட்டி இன்னொரு சின்ன அறை உண்டு. ஒரு கைப்பிடியைத் திருகி அதை மூடினால் காற்று அடைபட இடம் குறையும், அழுத்தம் ஏறும், குளிரிலும் டீசல் பற்றிக்கொள்ளும். வால்வைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுவார்கள். வேகம் வந்ததும் வால்வை விடுவார்கள். தட், தட், தட். சூடானபின் அந்தச் சின்ன அறையைத் திறந்துவிடலாம். நம் ஊர்ப்பக்கம் 'ஆயில் எஞ்சின்' என்று கிணற்று மேட்டிலும், டூரிங் டாக்கீஸ் கொட்டகைக்குப் பின்னாலும் கேட்டுப் பழகிய சத்தம் இதே குடும்பத்துடையதுதான்.

விளக்கு ஒன்று, எஞ்சின் ஐந்து குதிரை

இந்த எஞ்சினை வீட்டு மின்சாரத்துக்கு மாட்டியபோது இரண்டு சிக்கல் வந்தது.

முதல் சிக்கல் மினுக்கல். 650 சுற்றில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் நிமிடத்துக்கு 325 தடவைதான் வெடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து சொச்சம். ஒவ்வொரு வெடிப்புக்கும் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கும், பல்பும் கூடவே துடிக்கும். அதனால் ஜெனரேட்டருக்குப் போகும் எஞ்சினுக்கு இன்னும் கனமான சக்கரம் மாட்டினார்கள்.

இரண்டாவதுதான் என் வீட்டுச் சிக்கல். வீடு என்பது விசித்திரமான வாடிக்கையாளர். சாயங்காலம் இரண்டு மணி நேரம் நிறையக் கேட்கும், ராத்திரி முழுக்க ஒரே ஒரு பல்புக்குக் கேட்கும். அந்த ஒரு பல்புக்காக முழு எஞ்சினும் சுற்ற வேண்டும்.

லிஸ்டர் இதற்குக் கண்ட பதில் 'ஸ்டார்ட்-ஓ-மேட்டிக்'. வீட்டில் யாராவது முதல் விளக்கைப் போட்டால், வெளியே கொட்டகையில் இருக்கும் எஞ்சின் பேட்டரி உதவியோடு தானாகக் கிளம்பும். கடைசி விளக்கை அணைத்தால் தானாக நிற்கும். மைக்ரோபிராசசர் இல்லாத காலம், எல்லாமே ரிலேதான். வேலை இல்லாதபோது எஞ்சின் ஓடக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு ஏற்பாடு.

அமெரிக்காவில் இதற்கும் முன்பே இன்னொரு பதில் வந்துவிட்டது. காடிலாக் காருக்கு 1912-ல் செல்ஃப் ஸ்டார்ட்டர் செய்துகொடுத்த சார்லஸ் கெட்டரிங்கின் ஆட்கள், ஓஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரிலிருந்து 1916-ல் 'டெல்கோ-லைட்' என்ற பண்ணை மின்நிலையத்தை விற்க ஆரம்பித்தார்கள். அது டீசல் இல்லை. மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ ஓடும் சின்ன எஞ்சின், கூடவே கண்ணாடி ஜாடியில் 16 பேட்டரி செல்கள், 32 வோல்ட். எஞ்சின் கொஞ்ச நேரம் நல்ல லோடில் ஓடிப் பேட்டரியை நிரப்பிவிட்டு நிற்கும். மீதி நேரம் முழுக்கப் பேட்டரிதான் விளக்கெரிக்கும். 1930-களின் நடுவில்கூட அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் கம்பி வழி மின்சாரம் இருந்தது என்பதை நினைத்தால், இது எத்தனை வீடுகளுக்கு வெளிச்சம் என்று புரியும்.

1935-ல் அங்கே கிராம மின்மயமாக்கலுக்கென்று தனி அமைப்பு வந்தது, கம்பிகள் பண்ணைக்குள் போயின. இங்கிலாந்திலும் தேசிய மின்தொடர் விரிந்தது. நம் ஊரில் காமராஜர் காலத்தில் கிராமங்களுக்குக் கம்பம் வந்தது. கம்பம் வந்த இடத்திலெல்லாம் பேட்டரி ஜாடியும் ஆயில் எஞ்சினும் மூலைக்குப் போயின. அவற்றோடு, 'எஞ்சினுக்கு வேலை கொடு, இல்லையென்றால் நிறுத்து' என்ற அறிவும் வீடுகளிலிருந்து போய்விட்டது. 2012-ல் நாம் மறுபடி ஜெனரேட்டர் கடைக்குப் போனபோது அதைச் சொல்ல ஆளில்லை.

650-லிருந்து 3000-க்கு

இடையில் எஞ்சினும் மாறிவிட்டது. டர்ஸ்லியில் சி.எஸ். தயாரிப்பு 1987 வரை நடந்தது. அதன் நகல்கள் குஜராத்தின் ராஜ்கோட்டில் இன்றும் வார்க்கப்படுகின்றன. ஆனால் கடையில் நாம் பார்க்கும் சின்ன ஏர்-கூல்டு செட் 3000 ஆர்பிஎம்-ல் ஓடுவது. காரணம் எளிய கணக்கு. 50 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் இரண்டு துருவ ஆல்டர்னேட்டர் 3000 சுற்ற வேண்டும், நான்கு துருவமென்றால் 1500 போதும். வேகம் கூடினால் அதே சக்திக்குச் சின்ன எஞ்சின், குறைந்த எடை, குறைந்த விலை.

அதற்கு ஒரு விலை உண்டு. லிஸ்டரின் பிஸ்டன் ஒரு தடவைக்கு 139.7 மி.மீ. நகரும். 650 சுற்றில் சராசரி வேகம் நொடிக்கு 3 மீட்டர். 70 மி.மீ. நகரும் சின்ன எஞ்சினில் 3000 சுற்றுக்கு அது 7 மீட்டர். தேய்மானம், சத்தம், எண்ணெய் மாற்றும் இடைவெளி எல்லாமே இதை ஒட்டித்தான்.

அதற்காக ராஜ்கோட் எஞ்சினை வாங்கி வீட்டு முற்றத்தில் வைக்கச் சொல்லவில்லை. அதற்குத் தனி அடித்தளம் வேண்டும், புகையும் சத்தமும் வேறு. அமெரிக்காவில் புகை விதிகள் காரணமாக அந்த எஞ்சின்களின் இறக்குமதியே முடங்கிப்போனது. இங்கேயும் 2005 முதல் தயாராகும் புது ஜெனரேட்டர்கள் கூண்டிலிருந்து ஒரு மீட்டரில் 75 டெசிபலைத் தாண்டக்கூடாது.

எங்கள் வீட்டுக் கணக்கு

5 கேவிஏ என்றால் 0.8 பவர் ஃபேக்டரில் 4000 வாட். அப்பாவின் கான்சன்ட்ரேட்டர் 350 வாட். இரண்டு விளக்கு, ஒரு ஃபேன் சேர்த்தால் 500. ஆக எட்டில் ஒரு பங்கு லோடு. டீசல் எஞ்சின் நீண்ட நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே ஓடினால் சிலிண்டர் போதுமான சூடாகாது. எண்ணெய் முழுதாக எரியாமல் நாசிலிலும் ரிங்கிலும் சைலன்சரிலும் படியும். அம்மா நோட்டில் எழுதிவைத்த கணக்குப்படி பத்து மணி நேரத்துக்கு ஏழு லிட்டர் குடித்து, கொடுத்தது ஐந்து யூனிட். டீசல் அப்போது ஐம்பது ரூபாயை ஒட்டி. யூனிட்டுக்கு எழுபது ரூபாய்!

மெக்கானிக் அண்ணன் சரிசெய்து கொடுத்தபின் ஏற்பாட்டை மாற்றினோம். சைன் வேவ் இன்வெர்ட்டர், 150 ஏஹெச் பேட்டரி இரண்டு. கான்சன்ட்ரேட்டர் எப்போதும் அதில்தான். ஐந்து மணி நேரம் தாங்கியது. வெட்டு நீளும் நாளில் மட்டும் சாயங்காலம் ஜெனரேட்டரைப் போட்டு, அதே நேரத்தில் கிணற்று மோட்டார், கிரைண்டர், ஃபிரிட்ஜ், பேட்டரி சார்ஜ் எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டினோம். இரண்டு மணி நேரம், இரண்டு லிட்டர் சொச்சம், அதே ஐந்து யூனிட். புகை தெளிந்தது. இது அப்படியே 1916 டெல்கோ-லைட் முறைதான் என்று பின்னால் படித்தபோது சிரிப்பும் வந்தது, அந்த ராத்திரியை நினைத்துக் கோபமும் வந்தது.

ஆக, வாங்கப் போகிறவர்களுக்கு:

- கடைக்குப் போகுமுன் 24 மணி நேரத்துக்கு, எந்த மணியில் எத்தனை வாட் என்று எழுதுங்கள். உச்ச லோடை மட்டும் கூட்டாதீர்கள்.
- மோட்டார் கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஜெனரேட்டர் அளவைப் பெரிதாக்குவது பெரும்பாலும் அந்த ஒரு நொடிதான். சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்டாலோ சின்ன மோட்டார் மாற்றினாலோ ஒரு அளவு குறைந்த செட்டே போதுமா என்று பாருங்கள்.
- ராத்திரி லோடு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே என்றால் அதைப் பேட்டரிக்குக் கொடுங்கள்.
- தினம் பல மணி நேரம் ஓடும் என்றால் 1500 ஆர்பிஎம் வாட்டர்-கூல்டு. எப்போதாவது இரண்டு மணி நேரம் என்றால் 3000 போதும்.
- ஜன்னலிலிருந்து தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள், புகை ஆளைக் கொல்லும். வீட்டு லைனும் ஜெனரேட்டரும் ஒன்றாகச் சேராதபடி சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். இல்லையென்றால் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து.

அப்பா அதற்குப்பின் மூன்றரை வருடம் இருந்தார். அந்த மூன்றரை வருடத்தில் ராத்திரி எஞ்சின் சத்தம் எங்கள் வீட்டில் கேட்கவில்லை. ஜெனரேட்டர் இன்னும் மாட்டுக்கொட்டகைப் பக்கம்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை அம்மா அதைக் கிளப்பிக் கிணற்று மோட்டாரைப் போட்டுவிடுவார். "சும்மா ஓட விட்ராதீங்க" என்று மெக்கானிக் அண்ணன் சொன்னதை இன்னும் மறக்கவில்லை.