அம்மாவின் இரண்டு காதுகள்

ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் புனே ஃப்ளாட்டில் குக்கர், மிக்ஸி, டிவி எல்லாம் சேர்ந்து ஒரே ரகளை. அந்த ரகளையில் நான் பேசுவது அம்மாவுக்குப் புரிய ஆரம்பித்து எட்டு மாதம்தான் ஆகிறது. வலது காதில் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்து மூன்று வருஷம் ஆகியும், சத்தமான இடத்தில் "என்னடா சொன்ன?" தான். இடது காதின் பழைய ஹியரிங் எய்ட் பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. "ரெண்டும் சேர்ந்தா மூளை குழம்பிடும்" என்று ஒருவர் சொன்னார், நாங்களும் நம்பிவிட்டோம்.

இந்தக் 'குழப்பம்' எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். (பி.காம். படித்தவனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்காதீர்கள்.)

1957-ல் பாரிஸில் ஜூர்னோ, எய்ரியெஸ் என்ற இருவர், காது அறவே கேட்காத ஒருவரின் செவிநரம்பில் மின்சாரம் செலுத்தினார்கள். தாளம் கேட்டது, பேச்சு புரியவில்லை. 1961-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் வில்லியம் ஹவுஸ். அவருடைய ஒற்றைச் சேனல் கருவிக்கு 1984-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள அது உதவியது, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தவர் மெல்போர்னின் கிரேம் கிளார்க். அவருடைய அப்பா மருந்துக்கடைக்காரர், காது மந்தம். வாடிக்கையாளர்கள் அந்தரங்க விஷயத்தைக்கூட கடையில் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்ததாம்! ஆராய்ச்சிக்குப் பணம் இல்லாமல் டிவியில் நிதி திரட்டி, 1978 ஆகஸ்ட் 1-ல் ராட் சாண்டர்ஸ் என்பவருக்குப் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். வியன்னாவில் அதற்குச் சில மாதங்கள் முன்பே, 1977 டிசம்பரில், ஹோக்மையர் தம்பதி இதே வழியில் உருவாக்கிய கருவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது.

அந்தக் காலத்தில் இரண்டு காதும் அறவே போனவர்களுக்குத்தான் ஆபரேஷன். மறு காதுக்கு எய்ட் என்ற கேள்வியே எழவில்லை. பிறகு விதிகள் தளர்ந்து, கொஞ்சம் கேட்கிறவர்களும் வந்தபோதுதான் அந்தப் பயம் பிறந்தது: ஒரு காதில் மின்சாரம், மறு காதில் ஒலி, இரண்டும் மோதிக்கொள்ளாதா? சோதித்துப் பார்த்தால், பெரும்பாலானவர்களுக்கு நேர் எதிர்.

காரணம் எளிது. நம் உள்காதில் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள். அந்த வேலையை இம்ப்ளான்டில் 12 முதல் 22 மின்முனைகள் செய்கின்றன. வார்த்தை வந்துவிடுகிறது, ஆனால் குரலின் சுருதி சரியாக வருவதில்லை. இரைச்சலில் இது யார் குரல் என்று பிரித்துப் பிடிக்க அந்தச் சுருதிதான் கைப்பிடி. ஹியரிங் எய்டோ, மிச்சமிருக்கும் கீழ்ஸ்தாயிக் கேள்வி வழியே அந்தச் சுருதியைத்தான் தருகிறது. தனியாக அதை வைத்து அம்மாவால் ஒரு வாக்கியம் புரிந்துகொள்ள முடியாது. இரண்டும் சேர்ந்தால்தான் கணக்கு டேலி ஆகிறது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. மறு காதில் கேள்வித்திறன் மிச்சமிருக்க வேண்டும், இரண்டு கருவியின் சத்தத்தையும் ஆடியாலஜிஸ்ட் சேர்த்துப் பொருத்தித் தரவேண்டும். எங்களுக்கு நாலு தடவை அலைச்சல். அந்த மூன்று வருஷத்தை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

போன ஞாயிறு டிவி ஓட, குக்கர் விசிலடிக்க, மனைவியிடம் "சட்னியில உப்பு ஜாஸ்தி" என்றேன். அம்மா திரும்பிப் பார்த்தாள். அரைத்தது அவள்தான்.